பக்திக்கு எடைக்கல் ஏது?

மாதாகோயில் மணி ஒன்றுதான். அது ஒலிக்கும்போது ஊர் முழுவதும் கேட்கிறது. ஆனால், கேட்டவர் அனைவரும் ஒரே உள்ளத்தோடா எழுந்து நடக்கின்றனர்? ஒருவன் விடியுமுன்னரே சென்று மண்டியிடுகிறான். மற்றொருவன் ஞாயிறு மட்டும் போகிறான். மூன்றாமவனுக்குப் பாஸ்காத் திருநாள் ஒன்றே போதும். நான்காமவன் வாழ்நாளில் மூன்றே முறை செல்கிறான்: ஞானஸ்நானத்துக்குத் தாயின் தோளிலே, திருமணத்துக்கு மணமகள் பக்கத்திலே, கடைசியாகச் சவப்பெட்டியிலே! ஐந்தாமவனும் தவறாமல் போகிறான். ஆண்டவனைக் காண அல்ல, அண்டை வீட்டார் தன்னைக் காண!

ஐவருக்கும் பெயர் ஒன்று: கிறிஸ்தவர். சமயம் ஒன்று, வேதம் ஒன்று, குரு ஒருவர். ஆனால் உள்ளத்திலே உள்ள பக்தியோ ஐந்து அளவு. எந்தச் சமயத்தை எடுத்துக்கொண்டாலும் காட்சி இதுவே. ‘எங்கள் மக்கள் அனைவரும் ஒரே உறுதியுடன் நம்புகின்றனர்’ என்று எந்தப் பீடத்திலிருந்து யார் முழங்கினாலும், பீடத்தின் அடியிலே நிற்கும் கூட்டத்தில் கொதிப்பவரும் உண்டு, வெதுவெதுப்பானவரும் உண்டு, குளிர்ந்து போனவரும் உண்டு.

20ஆம் நூற்றாண்டிலே, பிரெஞ்சு அறிஞர் கப்ரியேல் லெ பிரா இந்த வேறுபாட்டையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். தம் நாட்டுக் கத்தோலிக்கரின் சமய ஒழுக்கத்தை ஊர் ஊராக எண்ணிக் கணக்கிட வேண்டும் என 1931இல் அறைகூவல் விடுத்தார். பக்தியிலே தோய்ந்தவர், முறையாக வருபவர், பருவத்துக்கு மட்டும் வருபவர், அடியோடு விலகியவர் என்று வகை பிரித்தார். அது அறிவுத்துறைக் கணக்கு. அந்தக் கணக்கினால் எவன் தலையும் உருண்டதில்லை. எவன் வீடும் பறிபோனதில்லை.

ஆனால், அதே கணக்கைக் குருவும், குருவுக்குத் துணைநிற்கும் பக்கத்து வீட்டுக்காரனும், இருவருக்கும் பின்னாலே வாளேந்திய அரசனும் எடுக்கத் தொடங்கினால் என்னவாகும்? 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாவசங்கீர்த்தனம் செய்து, பாஸ்காவிலே நற்கருணை பெற்றே தீரவேண்டும் என்று விதித்தது. பக்தியின் குறைந்தபட்ச அளவு அன்றே சட்டமாயிற்று! அளவு என்று ஒன்று வந்தபின், அளப்பவன் என்று ஒருவன் வராமல் இருப்பானா? அளப்பவன் வந்தபின், அவன் கண்ணுக்குக் காட்ட வேண்டிய கோலம் வராமல் இருக்குமா?

இந்த வினாவைப் பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேர் மேடையேற்றிக் காட்டினார். ‘தார்த்தூஃப்’ என்பது நாடகத்தின் பெயர். 1664ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், வெர்சாய் அரண்மனையில், 14ஆம் லூயி மன்னன் முன்னிலையிலே முதன்முதல் நடிக்கப்பட்டது. பலர் இதனைப் போலிச் சாமியார் ஒருவனின் முகத்திரையைக் கிழிக்கும் நாடகம் என்று மட்டுமே பாராட்டுகின்றனர். பாராட்டு தவறன்று, ஆனால் பாதிதான். அந்தப் போலியை உண்டாக்கியது எது என்பதைக் காட்டும் மற்றொரு பாதியையே நாம் இங்கு ஆராய விரும்புகிறோம்.

நாடகம் நடப்பது பாரிஸ் நகரிலே, வசதிமிக்க ஒரே ஒரு வீட்டிலே. ஒரே வீடுதான், ஆனால் எத்தனை வகைப் பக்தி! குடும்பத் தலைவன் ஓர்கோனின் தாய் பெர்னேல் அம்மையார், பிறர் ஒழுக்கத்தை ஓயாமல் கண்காணிப்பதையே பக்தியெனக் கொண்டவர். நாடகத்தின் முதற் காட்சியிலேயே வீட்டாரை வரிசையாக நிறுத்திவைத்துக் கடிந்துவிட்டுத்தான் வெளியேறுகிறார். மனைவி எல்மீர் அமைதியானவள்; தன் நம்பிக்கையைத் தெருவுக்குக் காட்டாதவள். மைத்துனன் கிளெயாந்த் படித்தவன். எதற்கும் அளவு வேண்டும் என்பவன். பணிப்பெண் தோரீன், வேதம் விளக்கத் தெரியாதவள். ஆனால் வேடத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவள். இவர்கள் நடுவே, வீட்டாரின் ஆன்மாக்களுக்கு வழிகாட்டி என்ற பெயரிலே வந்து குடிபுகுந்தவன் தார்த்தூஃப்.

இவர்களில் கிறிஸ்தவர் அல்லாதவர் எவருமில்லை. கோயிலை இடிக்க வந்தவர் எவருமில்லை. ஆயினும், வீடு இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. ஏன்? ஒருவருடைய பக்தியை மற்றொருவர் நிறுக்கத் தொடங்கிவிட்டனர்; அதனால்!

முதல் இரண்டு அங்கங்கள் முழுவதும் தார்த்தூஃப் மேடைக்கு வருவதே இல்லை. மூன்றாம் அங்கத்திலேதான் காலெடுத்து வைக்கிறான். அதுவரை நாம் காண்பது யாரை? ஓர்கோனை! மோலியேர் தாமே ஏற்று நடித்த வேடமும் தார்த்தூஃப் அன்று, ஓர்கோன்தான். எத்தன் அரிதாகவே கிடைப்பான். ஏமாறக் காத்திருப்பவனோ எளிதாகக் கிடைப்பான். ஓர்கோனையே நாடகத்தின் நடுத்தூணாக நாம் கொள்வதற்குக் காரணம் இதுவே.

ஓர்கோன் பிறவி மூடன் அல்லன். உள்நாட்டுக் கலகக் காலத்திலே மன்னனுக்குத் துணிவுடன் தொண்டாற்றியவன். அப்படிப்பட்டவன் கோயிலிலே ஒரு மனிதனைக் காண்கிறான். அந்த மனிதன் நாள்தோறும் இவன் எதிரிலேயே மண்டியிடுகிறான், எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் பெருமூச்செறிகிறான், தரையை முத்தமிடுகிறான், ஓர்கோன் வெளியேறும்போது ஓடிவந்து வாயிலிலே தீர்த்தம் நீட்டுகிறான். காசு கொடுத்தால் பாதியைத் திருப்பித் தருகிறான். வாங்க மறுத்தால் ஓர்கோன் கண்ணெதிரிலேயே ஏழைகளுக்குப் பங்கிடுகிறான். செபவேளையிலே பிடித்த ஒரு தெள்ளுப்பூச்சியைக் கோபத்தோடு நசுக்கிவிட்டதாகத் தன்னையே குற்றஞ்சாட்டிக் கொள்கிறான்!

இந்தப் பட்டியலைக் கவனிக்க வேண்டுகிறோம். பெருமூச்சு, முத்தம், தீர்த்தம், தர்மம் எல்லாம் கண்ணுக்குத் தெரிபவை, காதுக்குக் கேட்பவை. பக்தி உள்ளத்தில் இருப்பது என்று உபதேசிக்கும் சமுதாயம், அதை நிறுக்கும்போது மட்டும் உடலசைவையே தராசில் வைக்கிறது. உள்ளத்தைத் தராசில் வைக்க முடியாதல்லவா? உடலசைவுதான் நாணயம் என்றால், அந்த நாணயத்தைப் போலியாக அச்சடிப்பது எவ்வளவு எளிது! தார்த்தூஃப் செய்ததெல்லாம் இவ்வளவே. சந்தையில் எந்தச் சரக்குக்கு விலை உண்டோ, அந்தச் சரக்கைக் கொண்டுவந்தான்.

எத்தனின் பக்தி போலி. ஓர்கோனின் பக்தியோ உண்மை. அந்த உண்மைப் பக்தி அவனை என்ன செய்தது? இரண்டு நாள் வெளியூரில் இருந்துவிட்டுத் திரும்பும் ஓர்கோன், வீட்டுச் செய்தி கேட்கிறான். எல்மீருக்குக் காய்ச்சலும் தாங்கமுடியாத தலைவலியும் என்கிறாள் தோரீன். அவன் காதிலே விழவில்லை. தார்த்தூஃப் எப்படி இருக்கிறார் என்கிறான். அவன் இரண்டு கௌதாரிகளையும் அரைத் தொடை ஆட்டிறைச்சியையும் உண்டு தீர்த்தான் என்கிறாள் தோரீன். உடனே ஓர்கோன் உருகுகிறான், அந்தக் கொழுத்த உடம்புக்காக! நோயுற்ற மனைவிக்கு ஒரு சொல் இல்லை. காண்போர் சிரிக்கின்றனர். ஆனால் சிறிது நேரத்திலே, தார்த்தூஃபின் போதனையால் தன் பற்றெல்லாம் அற்றுவிட்டது என்றும், உடன்பிறந்தாரும் மக்களும் தாயும் மனைவியும் மாண்டாலும் தனக்குக் கவலையில்லை என்றும் அவன் பெருமையோடு கூறும்போது, சிரித்தவர் நெஞ்சு திடுக்கிடுகிறது.

மகள் மாரியான் கதறுகிறாள். தான் விரும்பிய வலேரோடு நிச்சயித்த திருமணத்தை முறித்து, தார்த்தூஃபுக்கே அவளைக் கட்டிவைக்கத் தந்தை துணிந்துவிட்டான். கன்னிமடத்துக்கே போய்விடுகிறேன், இந்த மணம் வேண்டாம் என மண்டியிடுகிறாள். ஓர்கோனோ, வெறுப்பு எவ்வளவு மிகுகிறதோ அவ்வளவுக்கு அதை ஏற்பதிலே புண்ணியமும் மிகும் என வாதிடுகிறான்! தன் பக்திக்கு மகளின் வாழ்வைக் காணிக்கையாக்க முனைகிறான். அவள் சம்மதம் தேவை என்ற எண்ணமே அவனுக்குத் தோன்றவில்லை. மகன் தாமி, தார்த்தூஃப் தன் சிற்றன்னையிடமே தகாத முறையில் பேசியதை ஒளிந்திருந்து கேட்டு வந்து கூறுகிறான். பரிசு? சாபமும் வெளியேற்றமும்! சொத்து முழுவதும் தார்த்தூஃபின் பெயருக்கு எழுதப்படுகிறது.

எல்மீர்தான் இறுதியிலே அவன் கண்ணைத் திறக்கிறாள். கணவனை மேசைக்கடியிலே ஒளித்துவைத்து, தார்த்தூஃபைப் பேசவிடுகிறாள். ஆண்டவன் கட்டளைகளோடும் ஓர் ஏற்பாடு செய்துகொள்ளலாம், நோக்கம் தூயதானால் செயல் குற்றமாகாது என்று அவன் விளக்கம் தருகிறான். அந்நாளிலே பிரான்சில் நடந்த பெரும் சமயப்போரின் எதிரொலி இது. ஒருபுறம் கடுமையான ஒழுக்கம் வேண்டிய ஜான்சேனியர். மறுபுறம் பாவிக்கு இளகிக் கொடுப்பதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஏசுசபையார். நற்கருணையை அடிக்கடி பெறலாமா கூடாதா என்பதைப் பற்றியே அந்துவான் அர்னோ 1643இல் ஒரு நூல் எழுதினார். ஏசுசபையாரின் வாதத் தந்திரங்களைப் பஸ்கால் 1656, 1657ஆம் ஆண்டுகளிலே கடிதங்களாக எழுதிக் கிழித்தெறிந்தார். ஒரே திருச்சபைக்குள்ளேதான் இத்தனையும்! பக்தியின் அளவைப் பற்றிய சண்டை, முடிவில் அதிகாரச் சண்டையாயிற்று. 1709இல் ஜான்சேனியரின் உறைவிடமான போர்-ரொயால் மடத்துக் கன்னியர், மன்னன் ஆணையால் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் செய்த குற்றம், பக்தி குறைந்தது அன்று. பக்தி வேறாக இருந்தது!

நாடகத்தைக் கண்டு யார் அஞ்சினர்? உண்மைப் பக்தர் அஞ்சக் காரணமில்லையே! ஆனால், மன்னனின் தாய் சார்ந்திருந்த பக்தர் குழு கொதித்தது. ‘திருவருட்சாதனச் சங்கம்’ என்ற மறைவான அமைப்பொன்று அந்நாளிலே இயங்கிவந்தது. ஏழைகளுக்கு உதவியும் செய்தது. அதை மறைப்பது நேர்மையாகாது. அதே சங்கம், யார் நோன்பு முறித்தார், யார் தெய்வநிந்தை பேசினார் என்று பிறர் வீட்டையும் வேவு பார்த்தது. நாடகத்தை அடக்குவதெப்படி என்று முன்கூட்டியே கலந்துபேசியது. பொதுமக்கள் முன் நடிக்கத் தடை விழுந்தது. குரு ஒருவர், மோலியேர் மனித உருவில் வந்த பிசாசு, தீயிலிடத் தக்கவர் என்று எழுதினார். 1667 ஆகஸ்டிலே திருத்திய வடிவத்தை ஒருமுறை நடித்ததும் மீண்டும் தடை. நாடகத்தைப் பார்ப்பவரும் படிப்பவரும் கேட்பவருமே திருச்சபைக்குப் புறம்பாவர் எனப் பாரிஸ் பேராயர் அச்சுறுத்தினார். ஐந்தாண்டுப் போராட்டத்துக்குப் பின், 1669ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள்தான் திரை தடையின்றி உயர்ந்தது.

எதிர்த்தவர் அனைவரும் அறிவற்றவர் அல்லர். ஏசுசபைப் பேச்சாளர் லூயி பூர்தலூ, இத்தகைய நாடகங்களுக்கு எதிராகக் கூரிய வாதமொன்றைப் பிரசங்கத்திலே வைத்தார். உண்மைப் பக்திக்கும் போலிப் பக்திக்கும் வெளித்தோற்றம் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே போலியை எள்ளி நகையாடினால், அந்த நகைப்பு உண்மையையும் காயப்படுத்தும் என்பது வாதத்தின் சாரம்.

வலுவான வாதம்! நாமும் அதை ஏற்கிறோம். ஏற்றபின் ஒரு கேள்வி கேட்கிறோம். வெளித்தோற்றத்தைக் கொண்டு இரண்டையும் பிரித்தறிய முடியாது என்றால், வெளித்தோற்றத்தைக் கொண்டு மனிதனை நிறுப்பது ஏன்? மண்டியிட்டவனை உத்தமன் என்றும், மண்டியிடாதவனைக் கயவன் என்றும் தீர்ப்பளிப்பது எந்த நியாயத்தில்? பாஸ்காவுக்கு வராதவனைக் குறித்துவைப்பது எதற்காக? போலிக்கும் உண்மைக்கும் ஒரே எடை காட்டும் தராசை நேர்மையான வணிகன் உடைத்தெறிவான். நீங்களோ தராசைக் காப்பாற்றிக்கொண்டு, அது பொய்த்தராசு என்று கூறியவன்மேல் பாய்ந்தீர்கள்!

இனி, நாடகத்தின் குறைகளையும் கூறுவோம். புகழ்மாலை சூட்டுவது மட்டும் திறனாய்வு ஆகாது.

முதற்குறை, முடிவு. தார்த்தூஃப் வீட்டைத் தனதென்கிறான். ஓர்கோனைக் காட்டிக்கொடுத்துச் சிறைக்கும் அனுப்பப் பார்க்கிறான். அப்போது அரசனின் அதிகாரி வந்து, எல்லாவற்றையும் அறிந்த மன்னன் எத்தனைப் பிடிக்க ஆணையிட்டான் என்கிறான். எல்லாம் இனிதே முடிகிறது! தடையை நீக்க மன்னன் தயவு தேவைப்பட்ட ஆசிரியனின் நிலை நமக்குப் புரிகிறது. ஆனால், வாழ்க்கையிலே ஒவ்வொரு வீட்டுக்கும் நல்ல மன்னன் ஆளனுப்புவதில்லை. அந்த 14ஆம் லூயியே 1685இல் நாந்த் ஆணையை நீக்கி, சீர்திருத்தக் கிறிஸ்தவரின் வழிபாட்டுரிமையைப் பறித்தான். நாடகத்திலே தார்த்தூஃபைப் பிடித்த அரசு, நாட்டிலே தானே ஓர்கோனாயிற்று.

இரண்டாம் குறை இன்னும் ஆழமானது. இந்த வீட்டிலே பக்தியின் எல்லாப் படிகளும் உண்டு. நம்பிக்கையே இல்லாதவன் என்ற கடைசிப்படி மட்டும் இல்லை. மறுஆண்டு, 1665இல், ‘தோன் ஜுவான்’ நாடகத்திலே நம்பாதவனை மேடையேற்றினார் மோலியேர். ஆனால் எப்படி? பெண்களை வஞ்சிப்பவனாக, கடைசியிலே நரகத்தீக்கு இரையாகுபவனாக! நம்பிக்கையின்றியும் ஒருவன் நல்லவனாக வாழலாம் என்று காட்ட அன்றைய மேடை இடம் தரவில்லை. ஆயினும் ஒரு காட்சி மின்னுகிறது. தெய்வத்தைப் பழித்தால் பொற்காசு தருவதாக ஒரு பிச்சைக்காரனிடம் பேரம் பேசுகிறான் தோன் ஜுவான். பசித்தவன் மறுக்கிறான். நம்பாதவன், மனித இனத்தின்மீது கொண்ட அன்பின் பெயரால் காசைக் கொடுத்துவிடுகிறான். அந்த ஏழையின் பக்தியை நாம் எள்ளமாட்டோம். அது எவரையும் மிரட்டவில்லை, எவர் வீட்டையும் பறிக்கவில்லை. அந்தக் காட்சியைத்தான் முதல் நாளுக்குப் பிறகு வெட்டிவிட்டனர்!

1673 பிப்ரவரி 17 அன்று, மேடையிலே நடித்துவிட்டு வந்த இரவே மோலியேர் மறைந்தார். நடிகர் என்பதால் கிறிஸ்தவ அடக்கம் மறுக்கப்பட்டது. மனைவி மன்றாடிய பின்னரே, இரவிலே, ஆரவாரமின்றிப் புதைக்க அனுமதி கிடைத்தது. பிணத்தையும் தராசிலே வைத்துப் பார்த்தனர்.

அவருக்குப் பின்னும் தராசு ஓயவில்லை. 1750களில், இறக்கும் நிலையில் உள்ளவன், ஏற்கப்பட்ட குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்ததற்குச் சீட்டுக் காட்டினால்தான் இறுதிச் சடங்கு என்றார் பாரிஸ் பேராயர். சாவுக்கும் சீட்டு! 1766 ஜூலை 1 அன்று, அபேவீல் நகரிலே, 20 வயது இளைஞன் லா பார் தலை வெட்டப்பட்டு, உடல் எரிக்கப்பட்டது. நற்கருணைப் பவனி சென்றபோது தொப்பியைக் கழற்றவில்லை, பழிப்புப் பாடல் பாடினான் என்பன குற்றச்சாட்டுகள். அவன் உடலோடு வால்டேரின் தத்துவ அகராதியையும் எரித்தனர். தொப்பி தலையில் இருந்ததற்காகத் தலையே போயிற்று.

அந்த நெருப்பின் நினைவு வீண்போகவில்லை. 1789ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம், தன் 10ஆம் விதியில், சட்டம் வகுத்த ஒழுங்கைக் குலைக்காதவரை, சமயக் கருத்துக்காகவும் எவரையும் துன்புறுத்தலாகாது என்றது. 1793இல் புரட்சி மன்றம் லா பாருக்கு விதித்த தீர்ப்பை நீக்கிற்று. 1905 டிசம்பர் 9ஆம் நாள் சட்டம், மனச்சான்றின் உரிமைக்கு உறுதி தந்து, அரசையும் திருச்சபையையும் பிரித்தது. பக்தனும் இருக்கட்டும், பருவத்துக்கு வருபவனும் இருக்கட்டும், வராதவனும் இருக்கட்டும். அளப்பதற்கு அரசிடம் கோல் இல்லை என்பதே இதன் பொருள்.

இளைஞர்களே! இந்த நாடகத்திலே இன்னுமொரு நுட்பம் இருக்கிறது. மேசைக்கடியிலிருந்து வெளிவந்த ஓர்கோன் என்ன செய்கிறான்? இனிப் பக்தர் அனைவரையுமே வெறுப்பேன், எவனையும் நம்பேன் என்று கூவுகிறான். நேற்று எல்லாவற்றையும் நம்பியவன், இன்று எல்லோரையும் வெறுக்கிறான். தட்டு மாறியது, தராசு மாறவில்லை! கிளெயாந்த் அவனைத் தடுத்து, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தாவாதே என்று கண்டிக்கிறான்.

அந்தக் கண்டனம் நம்பாதவருக்கும் உரியதே. கிழவி ஒருத்தி மெழுகுவத்தி ஏற்றுகிறாளா? ஏற்றட்டும். அவளை நிறுத்திவைத்து, உன் அறிவு எத்தனை பலம் என்று நிறுக்கும் வேலை பகுத்தறிவின் வேலையன்று. அவள் ஏற்றிய மெழுகுவத்தியைக் காட்டி, ஏற்றாத மகனை வீட்டைவிட்டுத் துரத்து, மகளை இவனுக்குக் கொடு, நிலத்தை எழுதிவை என்று ஒருவன் வருவானே, அவனைத் தடுப்பதே நம் வேலை. அவனை மட்டும் விரட்டினாலும் போதாது; நாளை மற்றொருவன் வருவான். அவன் கையிலே இருக்கும் எடைக்கல்லைப் பிடுங்கி எறிய வேண்டும்.

உள்ளத்துக்கு அளவுகோல் இல்லை. உள்ளது என்று கூறுபவன் எவனாயினும், அவன் எதையோ எடுத்துச்செல்ல வந்திருக்கிறான். அவன் தராசைக் கேள்வி கேட்கத் தோரீன் போன்ற ஒரு பணிப்பெண்ணுக்குத் துணிவிருந்தது. நமக்கு இருக்க வேண்டாமா?